தேன்குரலும் ஈரத் துண்டும்

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி வீட்டில் எப்படிப் பேசுவாள் என்று தெரிந்தால், பாதிப் பேர் அந்தத் தியான ஆப்பைப் போனிலிருந்து தூக்கிவிடுவார்கள். “தோள்கள் தளரட்டும்… மூச்சு தானாக வந்து போகட்டும்…” என்று அவள் சொல்லச் சொல்ல, ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடுவே நசுங்கிப்போன ஜனங்கள் ஆயிரக்கணக்கில் கண்ணயர்ந்தார்கள். பதிவு முடிந்ததும் அந்தத் தேன்குரலை ஹெட்போனோடு சேர்த்து ஸ்டுடியோவிலேயே கழற்றி மாட்டிவிட்டு வந்துவிடுவாள். வீட்டுக்கு வருவது வேறு குரல். அது மூன்றாவது மாடியில் கிளம்பினால், தரைத்தளத்தில் செருப்பு மாட்டுகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

அதை முழுநேரமாகக் கேட்பவர் அவள் கணவர். லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் அவர் போன்தான் அலறும். சாப்பிடும்போது அலறும், குளிக்கும்போது கட்டாயம் அலறும். ஈரத் தலையோடு ஓடுவார். ஓடுகிற ஓட்டத்தில் துண்டைக் கட்டிலில் வீசிவிட்டுப் போவார். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஈரத் துண்டு வழக்கு நடக்கிறது, தீர்ப்பு மட்டும் வந்தபாடில்லை.

ஒரு மாதமாக அவருக்கு ஓயாத தலைவலி. போன் அடிக்காதபோதும் அடித்ததுபோலத் திடுக்கிட்டு எழுந்தார். இடது கை விரல்கள் மரத்துப்போயின. டாக்டர் சோதித்துவிட்டு, “நரம்புக்கு ஓய்வே குடுக்கறதில்ல போல. அதுவா மட்டும் இருந்தா நல்லது. ஆனா, தலைய ஒரு தடவ ஸ்கேன் எடுத்துப் பாத்துடணும்” என்றார். அந்த ‘ஆனா’வை அவள் வீடு வரைக்கும் சுமந்துகொண்டு வந்தாள்.

ஸ்கேன் எடுக்க மனிதர் படுத்தால்தானே! இருட்டு லிஃப்ட் குழிக்குள் அனாயாசமாக இறங்குகிறவர், அந்த வெள்ளைக் குழாய்க்குள் தலை போனதும் எழுந்து ஓடிவந்துவிட்டார். ஒருமுறை அல்ல, இரண்டு முறை.

“குழி வேற, குழாய் வேற. அங்க ஸ்பேனர் என் கையில இருக்கும்” என்றார் அவர். “அந்த ஸ்கேன் பொண்ணு வேற ‘ரெண்டே நிமிஷம் சார், பயப்படாதீங்க’ங்குது. மாட்டிக்கிட்டவங்களுக்கு நானே இதத்தான் சொல்றேன். அந்த ரெண்டு நிமிஷம் எவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியாதா?”

மூன்றாவது முறை அவளே கூட்டிக்கொண்டு போனாள். ஸ்கேன் எடுக்கும் பெண் அவளைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், கம்ப்யூட்டர் அறையில் உட்காரவைத்தாள். “இன்னிக்கும் எழுந்துட்டார்னா மயக்க மருந்து குடுத்துத்தான் எடுக்கணும் மேடம். அதுக்கு அடுத்த மாசம்தான் தேதி கிடைக்கும்” என்றாள்.

அடுத்த மாதம் வரைக்கும் அந்த ‘ஆனா’வை வயிற்றில் கட்டிக்கொண்டு எப்படித் தூங்குவது?

“கவலப்படாதீங்க. அவரு ஹெட்போன்ல இன்னிக்குப் புதுசா ஒண்ணு போடறேன். கேட்டா கல்லும் தூங்கிடும்” என்று பட்டனை அழுத்தினாள் அந்தப் பெண்.

“தோள்கள் தளரட்டும்…” என்று அறையின் ஸ்பீக்கரிலும் கேட்டது. சாட்சாத் அவளுடைய குரலேதான்! பெருமையில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கட்டில் மெல்லக் குழாய்க்குள் நகர்ந்தது. அவர் விரலில் மாட்டிய கிளிப் அனுப்பிய நாடித்துடிப்பு எண் திரையில் தெரிந்தது. அது இறங்கவில்லை, மடமடவென்று ஏறியது. உடனே அபாய மணி அடித்தது. ஆபத்துக்கு அமுக்கச் சொல்லிக் கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அவர் பிடித்துப் பிசைந்துகொண்டிருந்தார்.

கட்டிலை வெளியே இழுத்தார்கள். இவள் பதறிக்கொண்டு உள்ளே ஓடினாள். அவர் முகம் வெளிறிக் கிடந்தது.

“உண்மையச் சொல்லு. டாக்டர் உன்னத் தனியாக் கூப்பிட்டு என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லலையே!”

“மறைக்காத. இத்தன வருஷத்துல நீ என்கிட்ட இவ்வளவு அன்பாப் பேசினதே இல்ல. ஆள் தேற மாட்டான்னு தெரிஞ்சாத்தான் இப்படிப் பேசுவாங்க.”

“அய்யோ, அது ரெக்கார்டிங்குங்க! என் வேலையே அதுதானே!”

“தெரியுது. மண்டைக்குத் தெரியுது, நெஞ்சு கேக்க மாட்டேங்குதே.”

அவளுக்கு வந்ததே கோபம். “ஆமா, எதத்தான் கேட்டுச்சு உங்க நெஞ்சு! படுன்னா படுக்கத் தெரியாது, துண்டக் கொடியில போடுன்னா போடத் தெரியாது. ஊர்ல இருக்கற லிஃப்ட எல்லாம் தூக்கி நிறுத்தத் தெரியுது, நம்ம வீட்டுக் குழாய் ஒழுகறது மட்டும் கண்ணுக்குத் தெரியாது…”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்கேன் பெண் இரண்டு கைகளையும் ஆட்டினாள். சத்தம் போடாதே என்கிறாளாக்கும் என்று இவள் நிறுத்தினாள். அந்தப் பெண் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். “நிறுத்தாதீங்க மேடம்! எண் இறங்குது! அந்த ரூமுக்கு வந்து மைக்ல திட்டுங்க!”

இப்படி ஒரு வாய்ப்பு எந்த மனைவிக்கு வாய்க்கும்? மைக்கைப் பிடித்துக்கொண்டு பிலுபிலுவென்று பிடித்தாள். கட்டில் மறுபடி குழாய்க்குள் போனது. இயந்திரம் கடகடவென்று கத்தியது. அதற்கு மேல் இவள் கத்தினாள். பாதி குடித்துவிட்டு மறந்த காப்பிகள், பெட்டிக்குள் வைக்காத ஸ்க்ரூக்கள், அவள் தங்கை வந்தால் மட்டும் வரும் அவசர அழைப்புகள், எல்லாம் வந்தன. உள்ளே அவர் அசையாமல் கிடந்தார். எண் இறங்கி ஒரே இடத்தில் நின்றது.

பாதியில் சரக்கு தீர்ந்துவிட்டது. அவளுக்கே நம்பமுடியவில்லை. இத்தனை வருடத்தில் திட்ட விஷயம் இல்லாமல் அவள் நின்றதே இல்லை. குழாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவருடைய பாதங்களைப் பார்த்தாள். வலது சாக்ஸில் ஓட்டை. அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

“உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் யாரங்க திட்டுவேன்…” என்று குரல் உடைந்து, அப்படியே தழைந்துவிட்டது.

எண் விர்ரென்று ஏறியது. “மேடம்! மேடம்!” என்று ஸ்கேன் பெண் தோளைத் தட்டினாள்.

அவள் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். “…அது கிடக்கட்டும், அந்த சாக்ஸ் என்ன லட்சணத்துல இருக்கு? நல்ல சாக்ஸ் டப்பா நிறைய இருக்குல்ல? பாக்கறவங்க என்னையில்ல சொல்லுவாங்க!”

எண் பழையபடி இறங்கியது. படம் ஒரு துளி அசங்காமல் வந்தது.

மறுநாள் டாக்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பயப்படும்படி எதுவுமில்லை என்றார். அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. “நரம்புதான் ஓய்வு கேக்குது. சாயங்காலம் ஆனா போன அணைச்சுடுங்க. தினமும் கொஞ்ச நேரம், மனசுக்கு இதமா ஏதாவது ஒரு குரலக் கேட்டுக்கிட்டுச் சும்மா படுங்க” என்றார் டாக்டர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் எழுந்து வந்தார்கள்.

அன்று மாலை அவர் அழைப்புகளைத் தன்னோடு வேலை செய்பவரிடம் ஒப்படைத்துவிட்டு, போனை அணைத்து அலமாரியில் வைத்தார். இனிமேல் மனிதரை வையக்கூடாது என்று அவளும் முடிவெடுத்திருந்தாள். “பழம் நறுக்கித் தரட்டுமாங்க?” என்று ஸ்டுடியோக் குரலில் கேட்டாள். அவர் சந்தேகத்தோடு பார்த்துவிட்டுக் குளிக்கப் போனார்.

அவள் படுக்கையறைக்குள் வந்தபோது அவர் மல்லாந்து படுத்திருந்தார். கண்கள் மூடியிருந்தன, கைகள் வயிற்றின் மேல் இருந்தன, தோள்கள் முன்கூட்டியே தளர்ந்திருந்தன. சரியாக அவளுடைய தலையணையின் நடுவில், சொட்டச் சொட்ட ஈரத் துண்டு.

அவள் ஒரு நிமிடம் வாசலிலேயே நின்றாள். ஆப்பில் சொல்லிக்கொடுப்பதுபோல மூச்சை ஆழமாக உள்ளே இழுத்தாள். பிறகு ஆரம்பித்தாள். துண்டை எடுத்துப் போய்க் கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் குறட்டை வந்துவிட்டது. இருந்தாலும் அவள் இன்னும் கொஞ்ச நேரம் திட்டிக்கொண்டே இருந்தாள்.