பாலம்மாள் இருக்கும்வரை

சோலைச்சாமியின் முதுகுக்குப் பின்னால் இரண்டாவது தலையணையைச் செருகிவிட்டு, பாலம்மாள் அவருடைய சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள். படுத்துக்கொண்டு விலை பேச மாட்டேன் என்று அண்ணன் காலையிலேயே சொல்லியிருந்தார். வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டதும், மூச்சு வாங்குவது தெரியாதபடி வாயை இறுக மூடிக்கொண்டார்.

வந்தவர் பூவனலிங்கம். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் தயாரிக்கிறவர். பசுவந்தனைக்குத் தெற்கே இருக்கும் இந்த ஊரில் ஆட்டுப் பண்ணை போட வேண்டும் என்று, சோலைச்சாமியின் வீட்டையும் அதை ஒட்டிய நாலு ஏக்கர் கரிசலையும் கேட்டுக்கொண்டிருந்தார். இது மூன்றாவது பேச்சு. முப்பது லட்சம் என்பதில் இருவரும் ஏறக்குறைய வந்து நின்றுவிட்டார்கள். ஒரே ஒரு இடத்தில்தான் இடித்தது.

"அண்ணாச்சி, நான் முக்கியமாக் கேக்கதே வீட்டத்தான். ஆடு மேய்க்க ஆளு வச்சா அவன் எங்க தங்குவான்? தீவனத்த எங்க போட?"

"போடுங்க. யாரு வேண்டாம்னா? என் தங்கச்சி காலத்துக்கு அப்புறம் போடுங்க."

பூவனலிங்கம் கதவோரம் நின்ற பாலம்மாளைப் பார்த்தார். "அக்கா நூறு வயசு இருக்கட்டும். ஆனா இப்ப அவியளுக்கு அம்பத்தஞ்சு கூட இருக்காதே. அதுவரைக்கும் நான் இருக்கணும்லா?"

"பாலம்மா இருக்கிறவரைக்கும் வீடு அவளுக்கு. பத்திரத்துல அப்படி எழுதணும். வேற பேச்சே கெடையாது."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். கார் சத்தம் தேய்ந்து மறைந்ததும் சோலைச்சாமி வாயைத் திறந்து மூச்சு விட்டார். பிறகு வெகுநேரம் மூச்சு மட்டும்தான் விட்டுக்கொண்டிருந்தார்.

பாலம்மாளைப் பத்தொன்பது வயதில் புதூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். இரண்டு வருஷத்தில் புருஷனை ஒரு லாரி அடித்துப் போட்டது. அண்ணன் போய் அவளையும் அவள் பெட்டியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து இந்த வீடுதான். அண்ணி செத்த பிறகு அடுப்பும் அவள் கைக்கு வந்தது. அய்யா காலத்துச் சொத்து. அதில் பாதி அவளுடையது என்பதை அண்ணன் ஒருநாளும் மறைத்ததில்லை. ஆனால் இந்த வீட்டில் இருக்க உனக்குப் பிடித்திருக்கிறதா என்று அவரும் கேட்டதில்லை, ஊரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய விஷயமாக அது யாருக்கும் தோன்றவில்லை.

அண்ணனின் இருதயம் பலவீனமாகி, கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் போன மாதம் சேர்த்தார்கள். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பும்வரை அவள்தான் கூட இருந்தாள். அங்கே வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்த பாலம்மாளுக்கு, அத்தனை கவலையிலும் அடித்துப் போட்டதுபோலத் தூக்கம் வந்தது. ரோட்டில் பஸ் போனது, யாரோ யாரையோ கூப்பிட்டார்கள், டீக்கடையில் சிரித்தார்கள். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது.

அதை இப்போது சொல்லாவிட்டால் இனிச் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

"அண்ணே, ஒண்ணு சொல்லுதேன். வையக் கூடாது."

"சொல்லு."

"எனக்கு இந்த வீடு வேண்டாம்."

அவர் கண்ணைத் திறந்தார். "பின்ன?"

"கோயில்பட்டியில போயி இருக்கணும்ணே. ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவுல ஒரு வீடு வாடகைக்குக் கெடக்கு. கல்யாணசுந்தரின்னு ஒரு அம்மா வீடு. மாடியில இருந்துக்கிடலாம், கீழ கிரைண்டர் போட்டு மாவரைச்சு விக்கலாம். இங்கன ஏழு மணிக்கு மேல பேச்சுக் குடுக்க ஆள் இல்லண்ணே. எனக்கு ஆள் பொழங்குத எடத்துல இருக்கணும் போல இருக்கு."

"இதெல்லாம் எப்பப் போயிப் பாத்த?"

"உங்கள ஸ்கேன் எடுக்க உள்ள கூட்டிட்டுப் போனாவள்லா, அப்ப."

சோலைச்சாமி அவளையே பார்த்தார். பிறகு அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. அவள் பயந்துபோய் நெஞ்சைத் தடவப் போனாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கோட்டிக்காரி! ஒனக்காகத்தான ஏட்டி மூணு தடவ அந்த மனுசங்கிட்ட மல்லுக்கட்டினேன்! மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?"

"நீங்க ஆசையாச் செஞ்சிய. எப்படிச் சொல்ல?"

சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. பருத்தி மார்க்கெட்டில் தரகனை மடக்கிவிட்டு வருகிற நாட்களில் அவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

"சரி. இத அவங்கிட்டச் சொல்லிராத. எம் மகன் ஜெயபாண்டிகிட்டயும் சொல்லாத, அவன் வாயில நிக்காது. நீ இங்கன இருந்துருவியோன்னுதான அந்த மிட்டாய்க்காரன் பயப்படுதான்? பயப்படட்டும். போறதுக்கு ஒரு வெல வாங்கிப்புடுவோம்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "கருப்பட்டிக் காப்பி போடு" என்றார்.

அவள் அடுப்பைப் பற்றவைத்து, கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, வடிகட்டி எடுத்து வந்தாள். அண்ணன் தலையணையில் சாய்ந்து வாசலைப் பார்த்தபடி இருந்தார். இரண்டு தடவை கூப்பிட்டாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முதல் வேலையாக அவர் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டாள். அது மூச்சை இறுக்கிக்கொண்டிருந்தது போல இருந்தது.

அண்ணன் மகன் ஜெயபாண்டி திருப்பூரிலிருந்து மனைவி முத்துச்செல்வியோடும் இரண்டு பிள்ளைகளோடும் விடியற்காலையில் வந்து சேர்ந்தான். பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை போல அழுதான்.

பத்து மணிக்குப் பூவனலிங்கம் ரோஜா மாலையோடு வந்தார். அந்நேரம் பெண்கள் பாலம்மாளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய் ஆட்டை அவிழ்க்காமல் கிடையிலேயே போட்டுவிட்டு வந்து, அவள் தோளில் தலையை முட்டி முட்டி அழுதாள்.

"ஒன்ன வச்சுக் காத்த மகராசன் போயிட்டாரே! இந்த வீட்ட விட்டா ஒனக்கு ஏது தாயி போக்கிடம்?"

"நான் எங்க போவேன்! எங்க போவேன்!" என்று பாலம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அந்த அழுகையில் பொய் இல்லை. ஆனால் பந்தல் காலைப் பிடித்தபடி பூவனலிங்கம் தன்னைப் பார்ப்பதும், அவர் முகம் சுருங்குவதும் அவளுக்குத் தெரிந்தது. அது தெரிந்து குரல் இன்னும் ஓங்கியது. இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் எப்படி நடக்கிறது என்று அவளுக்கே விளங்கவில்லை. அண்ணன் இருந்தால் இதை ரசித்திருப்பார் என்று நினைத்ததும் நிஜமாகவே மூச்சு முட்டியது. தண்ணீர் கொடுத்தார்கள்.

மறுநாள் சாம்பலைக் கரைத்துக் காடாத்து முடிந்து, ஈர வேட்டியோடு வந்த ஆண்கள் கலைந்து போனார்கள். பாலம்மாள் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தபோது ஜெயபாண்டி அடுப்படிக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தான்.

"அத்த, நீங்க எங்ககூட வந்துருங்க. இவளும் வேலைக்குப் போறா, பிள்ளைகளப் பாத்துக்கிட்ட மாதிரியும் இருக்கும். உங்களுக்கு ஒரு கொறையும் வராது."

மனசாரத்தான் சொன்னான். அவளுக்கும் அது தெரியும். அங்கே போனால் காலையில் இரண்டு டிபன் பாக்ஸ், மத்தியானம் பூட்டிய வீடு, சாயங்காலம் ஹோம்ஒர்க் என்பதும் தெரியும்.

"பாப்போம்லே" என்றாள்.

"பூவனலிங்கம் அண்ணாச்சி இன்னைக்கு வாராவளாம். நான் ஊருக்குப் போறதுக்குள்ள பேசி முடிச்சுரணும்னு சொல்லுதாவ. அப்பா போட்ட கண்டிசன் இனி வேண்டாம்னு சொல்லிரட்டா?"

கரண்டி அவள் கையில் நின்றது. "நீ ஒண்ணும் சொல்லாத. நானும் உக்காருதேன். எங்க அய்யா சொத்து, என் கையெழுத்தும் வேணும்லா."

அவன் கொஞ்சம் திகைத்துத் தலையாட்டினான்.

முன்னறையில் பாய் விரித்து மூவரும் உட்கார்ந்தார்கள். அவள் இதற்கு முன்னால் எந்த விலைப்பேச்சிலும் உட்கார்ந்ததில்லை. கதவோரம் நின்று கேட்டதோடு சரி. உட்கார்ந்து பார்த்தபோது அது ஒன்றும் கஷ்டமாகத் தெரியவில்லை.

பூவனலிங்கம் முதலில் இறந்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசினார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"அண்ணாச்சி ஒரு நிபந்தனை சொன்னாவ. அவியளுக்கு மனசுல பாசம். அது அவியளோட போச்சுன்னு வச்சுக்கிட்டு, பழைய முப்பதுக்கே..."

"அவிய போயிட்டாவ. நான் இருக்கேம்லா அண்ணாச்சி" என்றாள் பாலம்மாள்.

ஜெயபாண்டி வாயைத் திறந்தான். "அத்த, அதான் நாம..."

"ஏலே, அண்ணாச்சிக்குத் தண்ணி கொண்டா."

அவன் எழுந்து போனான்.

"நிபந்தனையோட முப்பதுன்னு எங்க அண்ணன் பேசியிருக்காவ. அதுக்கு நான் இப்பவே கையெழுத்துப் போடுதேன். நிபந்தனை இல்லன்னா அது வேற வீடு, வேற வெல."

"அக்கா, ஒத்தையில இங்கன எப்படி இருப்பிய? பாம்பு பல்லி திரியுத எடம்."

"முப்பது வருசத்துக்கு மேல இருக்கேன். பாம்புக்கு என்னத் தெரியும்."

அவர் சிரித்துவிட்டார். "சரி, ஒண்ணு சேத்துத் தாரேன்."

"ஆறு."

"ஆறு லெச்சமா? அக்கா, அது ஓட்டு வீடு!"

"ஓட்டு வீடுதான். ஆனா எங்க அய்யா தொண்ணூத்திரெண்டு வயசு வரைக்கும் இதுக்குள்ளதான் நடமாடுனாவ. எனக்குச் சுகர் இல்ல, பிரஷர் இல்ல. கோயில்பட்டி ஆஸ்பத்திரியில அண்ணனுக்குப் பாக்கும்போது எனக்கும் சேத்துப் பாத்தாச்சு."

தண்ணீரோடு வந்த ஜெயபாண்டி அப்படியே நின்றான். பூவனலிங்கம் செம்பை வாங்கி முழுவதும் குடித்தார். குடித்துவிட்டு வீட்டை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். உத்தரத்தையும் சுவரையும், கடைசியில் அவளையும் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"மூணு."

"அஞ்சுக்கு வாங்க. அதுக்குக் கீழ எறங்க மாட்டேன். நிக்கிற உளுந்து எங்களுக்கு, தையில எடுத்துக்கிடுவோம். அதுவரைக்கும் வீடும் எங்களுக்கு. சம்மதம்னா இப்பவே பேசி முடிப்போம். இல்லன்னா நான் இருந்துக்கிடுதேன், நீங்க பண்ணைக்காரனுக்குத் தனியா ஷெட்டுப் போட்டுக்கிடுங்க."

அவர் மனசுக்குள் ஷெட்டுக்கு ஆகும் செலவைக் கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு தொடையில் தட்டினார்.

"அண்ணாச்சியே தேவலன்னு ஆக்கிட்டியளே அக்கா. சரி, அஞ்சு."

அவர் கார் கிளம்பிப் போன பிறகும் ஜெயபாண்டி செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அத்த, அப்ப நெசமாவே எங்க போவிய? எங்ககூட வரலியா?"

"கோயில்பட்டிக்கு. வீடு பாத்து வச்சிருக்கேன். லீவுக்குப் பிள்ளைகளக் கூட்டிட்டு வா."

அவன் முகத்தில் வருத்தம் வந்து போனது. பிறகு ஏதோ உறைத்தது. "நீங்க இங்கன இருக்கணும்னுதான அப்பா இத்தன நாளு... அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். போன அன்னைக்குத்தான் சொன்னேன்."

"என்ன சொன்னாவ?"

"சிரிச்சாவ."

"அப்பாவா? சிரிச்சாவளா?"

"தோள் குலுங்கச் சிரிச்சாவ. கோட்டிக்காரின்னாவ."

ஜெயபாண்டி செம்பைச் சன்னலில் வைத்துவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். முத்துச்செல்வி உள்ளேயிருந்து வந்து அவன் பக்கத்தில் நின்றாள். பாலம்மாள் அவர்கள் இருவரையும் அப்படியே விட்டுவிட்டு, பின்கதவைத் திறந்துகொண்டு புஞ்சையில் இறங்கினாள்.

வெயில் சாய்ந்திருந்தது. முந்தாநாள் பெய்த தூறலில் கரிசல் இன்னும் இளகிக் கிடந்தது. நாலெட்டு வைப்பதற்குள் மண் பாதத்தில் அப்பி, கால் கனத்தது. உளுந்து நெற்று பிடித்து முழங்காலுக்கு நின்றது. அந்தக் கடைசியில், வேலியை ஒட்டி ஏழெட்டு மயில்கள் இறங்கிச் செடியைக் கொத்திக்கொண்டிருந்தன. மூன்று நாளாகக் கேட்பாரில்லாமல் மேய்ந்திருக்கின்றன. அந்தப் பக்கம் ஒரு பாத்தி அளவுக்குச் செடி தரையோடு கிடந்தது.

அவள் வரப்பில் நின்று "ஏய்!" என்றாள். குரல் பாதி தூரம்கூடப் போகவில்லை. ஒரு மயில் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டது.

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து, அடிவயிற்றிலிருந்து, "ஓஓஓய்!" என்று கத்தினாள்.

மயில்கள் சடசடவென்று எழும்பி வேலிக்கு அப்பால் போய் இறங்கின. வீட்டிலிருந்து ஜெயபாண்டி "அத்த, என்ன?" என்று கேட்டது காதில் விழுந்தது. மயில்கள் போய்விட்டன. அவள் அதே இடத்தில் நின்று இன்னொரு தடவை கத்தினாள். பிறகு இன்னொரு தடவை.