பெல்ஹாம் ஐயர் கல்

உள்ளங்கை அகலப் போன் திரைக்குள் ஊரே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது, முன்னால் உபதேசியாரின் பாதிக் கன்னமும் ஒரு காதும், அவர் தோளுக்கு மேலே முக்காடு போட்ட தலைகள், அதற்கும் பின்னால் எங்கள் கோவிலின் மின்விசிறி, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், கல்லக் காட்டுங்க டீச்சர், ஐயர் கல்லக் காட்டுங்க, ஏலே சத்தம் போடாதிய, அவ்வோ பேசட்டும், வாயில் இன்னும் கேக்கின் இனிப்பு, பூட்ஸ் போட்ட கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒன்றைத் தூக்கி மற்றதன்மேல் வைத்துக்கொண்டு, அறுபத்துமூன்று வயதில், வெள்ளைக்காரர்களின் காபிக்கடை நடுவில் கொக்கு மாதிரி நிற்கிறேன், காபி குடிக்கிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும், அதைவிடப் பெரிய வெட்கம் என் காலுக்கடியில் கிடக்கிறது.

காபிக்கடை என்று சொல்கிறேன், ஆனால் கோவில்தான் அது, கோவிலாக இருந்தது, வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் அப்படியே இருக்கின்றன, பீடம் இருந்த இடத்தில் காபி இறக்கும் இயந்திரம் உஸ் உஸ்ஸென்று ஆவி விடுகிறது, இங்கே என்னைக் கூட்டிவந்தவள் பியூலா, என் மகள், இந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவளுக்கு யார்க் பட்டணத்தில் வேலை கிடைத்தது என்று தெரிந்த அன்றே எங்கள் பெல்ஹாம்புரம் முழுக்க ஒரே பேச்சு, யார்க்கா, நம்ம ஐயர் ஊர்லயா, ஏனென்றால் எங்கள் கோவிலின் கிழக்குச் சுவரில், பீடத்துக்கு வலப்பக்கம், கண்மட்டத்துக்கும் உயரத்தில் ஒரு வெள்ளைச் சலவைக்கல் பதித்திருக்கிறது, யார்க் பட்டணத்தில் பிறந்து, இவ்வூரில் ஊழியஞ்செய்து, முதுமையில் தாய்நாடு திரும்பி நித்திரையடைந்த பெல்ஹாம் ஐயர் என்று அதில் வெட்டியிருக்கிறது, வெள்ளைக்காரப் பாதிரியாரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வது, கால் புதையும் அந்தச் செம்மணல் தேரியில் அவர் வெட்டிய கிணற்றுத் தண்ணீரைத்தான் இன்றும் குடிக்கிறோம், அவர் வைத்த பள்ளிக்கூடத்தில்தான் நான் ரிட்டையர் ஆகும்வரை இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன், வீட்டுக்கு ஒரு பெல்ஹாம் உண்டு, பெல்ஹாம் செல்லத்துரை, பெல்ஹாம் ஜெயசிங், என் கொழுந்தன் மகன் வெறும் பெல்ஹாம், வருஷத்துக்கு ஒருமுறை ஐயர் நாள் வரும், அன்றைக்கு அசனம், ஊரே அரிசியும் ஆடும் கொடுத்து, ஊரே கூடிச் சமைத்து, ஊரே ஒரே பந்தியில் உட்காரும், கிறிஸ்துமஸுக்குக் கூட வராத மெட்ராஸ் பிள்ளைகள் அதற்கு வந்துவிடுவார்கள்.

நான் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு என்னை முன்னால் முழங்கால் போடவைத்துச் சபையார் ஜெபம் பண்ணினார்கள், எனக்குப் பெருமை தாங்கவில்லை, சபையைப் பார்த்துக்கொள்கிற ஆசீர் உபதேசியார் சொன்னார், டீச்சரம்மா, நம்ம ஊர்ல இருந்து ஐயர் ஊருக்குப் போற மொத ஆளு நீங்கதான், அவர் கல்லறை எந்தக் கோவில்ல இருக்குன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியாது, தேடிப் பிடிச்சு, ஐயர் நாள் அன்னைக்கு ஆராதனை முடியும்போது வீடியோவுல காட்டிப்போடுங்க, எங்க கண்ணும் பாத்துக்கிடட்டும், தங்கப்பழம் மதினி, என் வீட்டுக்காரரின் மூத்த அக்கா, எழுபது தாண்டியும் அவள் கரண்டி எடுத்தால்தான் எங்கள் ஊரில் அசனச் சோறு வேகும், அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, ஏளா, சும்மா எட்டிப் பாத்துட்டு வந்துராத, எங்க எல்லாருக்குமாச் சேத்துத் தொட்டு ஒரு முத்தம் குடுத்துட்டு வா என்றாள், சரி மதினி என்று அழுதேன், அழுகிற இடமா அது, ஆனால் அழுதேன்.

வந்தால் இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு கோவில், பெரிய கோவிலை மின்ஸ்டர் என்கிறார்கள், அதன் வாசலில் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றக் குனிந்தேன், பியூலா என் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள், அம்மா, மானத்த வாங்காத, இங்க யாரும் கழட்ட மாட்டாங்க, தரை ஐஸ்கட்டியா இருக்கும், காலு மரத்துப்போயிரும், மறுநாளே கணுக்கால்வரை மூடுகிற பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி மாட்டிவிட்டாள், ஆண்டவர் சந்நிதியில் தோல் செருப்போடு நடக்கிறோமே என்று முதல் நாள் கூசிய கால் மூன்றாம் நாள் கூசவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம், அப்புறம் அவளுக்கு லீவு கிடைக்கிற நாளெல்லாம் நடை, பழைய கோட்டை மதில்மேல் ஏறி ஊரைச் சுற்றி நடந்தோம், ஆற்றோரச் சேற்றில் நடந்தோம், வழியில் தென்பட்ட கோவில் ஒன்றையும் விடாமல் நுழைந்தோம், எல்லாச் சுவரிலும் யாரோ ஒருவர் இருந்தார், மூக்குடைந்த கல் பிஷப்புகள், முழங்காலில் நிற்கிற சீமாட்டிகள், ரங்கூனில் காய்ச்சலில் செத்த வாலிபன், பட்டாளத்தில் செத்த கேப்டன், அவன் யாரைக் கொன்றுவிட்டுச் செத்தான் என்று எந்தக் கல்லிலும் இல்லை, எங்கள் ஐயரை மட்டும் காணோம், அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது, ராத்திரி தைலம் தேய்த்துவிடும்போது பியூலா சிரித்தாள், பெல்ஹாம்னு இங்க எவனுக்கும் தெரியலம்மா, நீங்கதான் தூக்கி வச்சு ஆடுதீங்க, வாயைக் கழுவுடி என்றேன், அவர் இல்லன்னா நீ நர்ஸும் இல்ல, நான் டீச்சரும் இல்ல. தரையை நான் பார்க்கவேயில்லை, பெயர் வெட்டிய கல்லை யாராவது தரையில் போடுவார்களா, ஒரு புத்தகம் காலில் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாங்கள், மரியாதை உள்ளவன் பெயர் என்றால் உயரத்தில்தானே இருக்கும், அப்படித்தான் எனக்குப் புத்தி போயிற்று.

இன்றைக்கு ஐயர் நாள், கடைசியாக மிச்சமிருந்தது சந்துக்குள் இருக்கிற இந்தக் கோவில்தான், உள்ளே வந்தால் நாற்காலி மேஜை, கேக், காபி, ஒரு பெண் தன் நாய்க்குப் பிஸ்கட் ஊட்டிக்கொண்டிருக்கிறாள், எனக்குக் கொதித்தது, இருந்தாலும் நாலு சுவரையும் பார்த்தேன், தூணையும் சுற்றிப் பார்த்தேன், இல்லை, பியூலா சொன்னாள், விடும்மா, உட்காரு, கல்லு கிடைக்கலன்னு சொல்லிரு, உன்ன என்ன கடிச்சாத் திங்கப் போறாங்க, உட்கார்ந்தேன், காரட் கேக் வந்தது, ருசியாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டியதுதான், இன்னொரு துண்டு கூடக் கேட்டேன், கரண்டி நழுவி விழுந்தது, எடுக்கக் குனிந்தேன், என் பூட்ஸ் பக்கத்தில் இங்கிலீஷில் மூன்று எழுத்து, காலை நகர்த்தினேன், அதன் கீழே இன்னும் மூன்று, பெல்ஹாம். ஆற்றோரச் சேறு அப்பிய பூட்ஸை அவர் பெயர்மேல் ஊன்றிக்கொண்டு, கேக் துகளை அவர்மேல் சிந்திக்கொண்டு, இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறேன், உடம்பெல்லாம் கூசியது, அறைந்த மாதிரி முகம் எரிந்தது, அந்த நேரம் பார்த்துத்தான் போன் அடித்தது.

இங்கே காலை, அங்கே பிற்பகல், ஆராதனை முடிந்து ஊர் காத்திருக்கிறது, கல்லக் காட்டுங்க டீச்சர், நான் கொக்கு மாதிரி நிற்கிறேன், வெட்கம் வந்தால் எனக்கு உடனே கோபம் வரும், வகுப்பிலும் அப்படித்தான், தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டால் பிள்ளைகளை அதட்டுவேன், கடைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டேன், செம்பட்டை முடி, சின்னப் பெண்தான், பள்ளிக்கூடத்து இங்கிலீஷில் கேட்டேன், இது யார் தெரியுமா உனக்கு, எங்கள் ஊருக்குக் கண் கொடுத்தவர், எங்கள் ஊரில் இவர் பெயரைச் சுவரில் உயரத்தில் வைத்திருக்கிறோம், நீங்கள் மேஜையைப் போட்டுக் காலை வைக்கிறீர்கள், உங்களுக்கு மனசு இல்லையா, பியூலா அம்மா அம்மா என்று என் ஸ்வெட்டரைப் பிடித்து இழுக்கிறாள், நான் போனைத் தரைப்பக்கம் திருப்பினேன், பாருங்க, நல்லாப் பாருங்க, நம்ம ஐயர எங்க போட்டு வச்சிருக்காங்கன்னு பாருங்க, போனுக்குள் ஐயோ ஐயோ என்று ஒரு கூட்டச் சத்தம், அடப்பாவிகளா, தரையிலயா, உபதேசியார் தொண்டையைச் செருமி, அவங்கள ஒருநாள் நம்ம ஊருக்கு வரச் சொல்லுங்க டீச்சர், ஒரு மனுஷன எப்படிக் காப்பாத்தி வைக்கணும்னு நாம காட்டுதோம் என்றார், ஆமாம் என்று நானும் நெஞ்சை நிமிர்த்தினேன்.

அந்தப் பெண் எதிர்த்துப் பேசவில்லை, முகம் சிவந்துபோய், மன்னிச்சுக்கோங்க, இங்க இருக்கற கல்ல நாங்க யாருமே படிச்சதில்ல என்றாள், ஈரத்துணி கொண்டுவந்து முழங்கால் போட்டு எங்கள் ஐயரைத் துடைத்தாள், பக்கத்து மேஜைக்காரர்கள் இரண்டு பேர் எழுந்து என் மேஜையையும் நாற்காலியையும் தூக்கி ஓரமாக வைத்தார்கள், கல் முழுசாக வெளியே வந்தது, போனுக்குள்ளிருந்து சத்தம், வாசிங்க டீச்சர், தமிழ்ல வாசிங்க, நான் குரலை உயர்த்தி, வேதபாடம் வாசிக்கிற மாதிரி, ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கி வாசிக்கிறேன், இங்கே இளைப்பாறுவது கனம் ஜான் பெல்ஹாம், இருபத்தாறு வருஷம் திருநெல்வேலிச் சீமையில் ஊழியஞ்செய்தவர், ஆமென் என்று ஊர் சொல்கிறது, உடன் அவர் மனைவி சாரா, ஆமென், அடுத்த வரிக்கு என் கண் போய்விட்டது, வாய் போகவில்லை.

அவர்களுடைய ஒரே பிள்ளை ஹேரியட், ஐந்து வயது, இங்கே இல்லை, அந்தத் தேசத்தில், தன் தகப்பன் கட்டிய வீட்டின் கீழ்வாசலருகே, தன் பெயரெழுதிய கல்லின்கீழ்த் தனியே இருக்கிறாள் என்று வெட்டியிருக்கிறது, கீழ்வாசல், எங்களுக்குத் தெரியாத கீழ்வாசலா, ஐயர் இருந்த பங்களா இடிந்து மண்ணாகி எத்தனையோ காலமாகிவிட்டது, ஆனால் கீழ்வாசல் படிக்கட்டு இன்னும் இருக்கிறது, அதன் பக்கத்தில் ஒரே ஒரு கல் இருக்கிறது, துரை குதிரை ஏறுகிற கல் என்று சொல்வோம், அதைச் சுற்றித்தான் அசனக் கொட்டகை போட்டிருக்கிறோம், தேரி மண்ணில் எந்த அடுப்பும் ஒரு பக்கம் இறங்கிவிடும், அந்தக் கல்மேல் வைத்தால் மட்டும் இறங்காது, அதனால் பெரிய அண்டாவுக்கான நடு அடுப்பு எப்போதும் அதன்மேல்தான், கல்யாணமான புதிதில் தங்கப்பழம் மதினியோடு சேர்ந்து நானே அதில் சோறு வடித்திருக்கிறேன், கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி அந்தக் கல்மேல் வழிந்து ஓடும், மறுநாள் தேங்காய் நார் போட்டுக் கரியைத் தேய்ப்போம், தேய்க்கும்போது விரலில் கோடு கோடாகத் தட்டுப்படும், கொத்தனார் உளி பட்ட தடம் என்று விட்டேன், இங்கிலீஷ் டீச்சர் நான், ஊரிலேயே அதை வாசித்திருக்கக்கூடிய ஒருத்தி, ஒருநாள் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிக் குனிந்து பார்க்கவில்லை. இந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் மனசில்லையா என்று கேட்டேன், அவள் இன்னும் என் காலடியில் ஈரத்துணியோடு உட்கார்ந்து, சரியாத் துடைச்சிருக்கேனா என்று என் முகத்தைப் பார்க்கிறாள், அவளைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது, எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது.

கட்டைவிரல் சிவப்புப் பொத்தான்மேல் இருக்கிறது, லைன் போயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம், ஊருக்குத் தெரியாமலே போகும், இன்றைக்கு நல்ல நாள், பிள்ளைகள் வந்திருக்கின்றன, அசனம் பாதி வெந்திருக்கும், டீச்சர் தெரியுதா, டீச்சர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு தங்கப்பழம் மதினி முகம் வருகிறது, அடுப்படியிலிருந்து வந்தவள், நெற்றியெல்லாம் வேர்வை, கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரைக்குள் பார்க்கிறாள், ஏளா, என்ன நிப்பாட்டிட்ட, கீழ இன்னும் எழுத்து இருக்குல்லா, மிச்சத்தையும் வாசி. அவளுக்கு இங்கிலீஷில் ஓரெழுத்து தெரியாது, எழுத்து இருக்கிறது என்று மட்டும் தெரிகிறது, நான் அவள் முகத்தைப் பார்த்து வாசித்தேன், பெயரை வாசித்தேன், வயதை வாசித்தேன், கீழ்வாசலை வாசித்தேன், கடைசி வரி இருந்தது, வாசிக்கிறவரே, அவ்வழியாய்ப் போக நேர்ந்தால் அவளருகே சற்று நில்லும், எங்களால் நிற்க முடியவில்லை.

யாரும் ஆமென் சொல்லவில்லை, உபதேசியார் கேட்கிறார், எந்தக் கீழ்வாசல் டீச்சர், கேட்கிற குரலிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, நம்ம பங்களாக் கீழ்வாசல்தான், மதினி, அது குதிரை ஏறுற கல்லு இல்ல மதினி என்றேன், அவள் வாயைப் பொத்திக்கொண்டு திரையைவிட்டு விலகினாள், அவள் பின்னால் ஒரு முக்காடு திரும்பியது, பிறகு இன்னொன்று, நெருக்கியடித்து நின்ற முகங்களெல்லாம் முதுகுகளாகின, முதுகுகள் வாசல் பக்கம் போயின, உபதேசியார் போனை எதன்மேலோ வைத்துவிட்டுப் போய்விட்டார், திரையில் இப்போது ஒருவரும் இல்லை, காலிப் பாய்களும் திறந்த கதவும் அதற்கப்பால் அசனப் புகையும்தான், அந்தப் புகைக்குள்ளிருந்து தங்கப்பழம் மதினியின் சத்தம் இந்தக் கோவில்வரை கேட்கிறது, ஏலே, நடு அடுப்ப அணைங்கலே, சோறு போனாப் போவுது, அண்டாவ எறக்குங்கலே, கீழ பிள்ள கெடக்கா.