வெட்டாமல் விட்ட பக்கம்

காலையிலிருந்தே ரோஸ்மேரிக்குக் கால் தரையில் பாவவில்லை. மூளையைச் சோதிக்கும் குழு ஈப்போவிலிருந்து மலை மேலிருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கே வருகிறது. அதுவும் நோயாளிகளை மட்டும் பார்க்க அல்ல. ஐம்பது வயது தாண்டிய அத்தனை பேருக்கும், தினமும் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்திலேயே சோதனை.

அவளுக்கு வேண்டியிருந்ததும் அதுதான். போன வருஷம் மயங்கி விழுந்து எழுந்ததிலிருந்து அவள் புருஷன் டொமினிக் கொழுந்து வெட்டும்போது பாதிச் செடியை அப்படியே விட்டுவிடுகிறார். சோம்பேறி என்று கங்காணி குணாளன் திட்டித் தீர்த்துவிட்டார். இனியும் இப்படி என்றால் வேறு ஆள்தான் என்று தோட்டத்துத் துரை சொல்லியாயிற்று. வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். வீட்டிலும் தட்டில் பாதிச் சோறு மிச்சம். தன் சமையல் அவருக்குக் கசந்துவிட்டதென்று ரோஸ்மேரிக்கு உள்ளூரக் கோபம்.

ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தாலே, "நான் என்ன பைத்தியமா?" என்று எகிறுவார். இன்றோ கணக்கெழுதும் கிராணியும் கங்காணியுமே வரிசையில் நிற்கிறார்கள். நிற்காதவனைத்தான் ஊர் ஒரு மாதிரி பார்க்கும். டொமினிக்கும் போய் நின்றுவிட்டார்.

சோதிக்க வந்த ரூபினி பேர், ஊர், கிழமை எல்லாம் கேட்டாள். மனிதர் கேலியும் கிண்டலுமாகப் பட்டுப்பட்டென்று பதில் சொன்னார். ரோஸ்மேரி இன்னும் கிட்டே நகர்ந்து நின்றாள். எல்லாம் சரி என்று சொல்லிவிட்டால் சோம்பேறிப் பட்டம் நிலைத்துவிடுமே!

பிறகு ரூபினி ஒரு கடிகாரம் வரையச் சொன்னாள். டொமினிக் வரைந்து பெருமையாக நீட்டினார். எண்கள் எல்லாம் வலது பக்கமே நெருக்கியடித்து நின்றன. இடது பக்கம் வெறுமை.

பின்னால் நின்ற குணாளன் எட்டிப் பார்த்தார். "செடியிலயும் இதே கதைதான்லா. எப்பவும் இடது பக்கம்தான் வெட்டாம நிக்கும்."

ரூபினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இது சோம்பலும் இல்லை, பைத்தியமும் இல்லை என்றாள். அந்த மயக்கத்தில் மூளையில் அடிபட்டிருக்கும்; இடது பக்கம் ஒன்று இருப்பதே அவர் கவனத்துக்கு வருவதில்லை. ஒரு ஸ்கேன் எடுத்து உறுதி செய்ய வேண்டும். பயிற்சிக்கு மலை இறங்க வேண்டாம், மாதாமாதம் களத்துக்கே வருவோம் என்றாள். துரையிடம் தானே பேசுவதாகச் சொன்ன குணாளன், டொமினிக்கின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

ரோஸ்மேரி லயத்துக்கு ஓடாத குறைதான். மத்தியானம் வழக்கம்போல் பாதிச் சோற்றோடு டொமினிக் எழப் போனார். மிச்சச் சோறு வலது பக்கம் வரும்படி அவள் தட்டை மெல்லத் திருப்பி வைத்தாள்.

அவர் மறுபடி உட்கார்ந்து ஆசையாகப் பிசைந்தார். "இன்னிக்கு என்ன, கேக்காமலே மறுசோறு போட்டுட்ட?"