அலமாரிக்குள் எரிமலை

இசை வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கவேண்டிய செய்தி: ராப் பாடகன் 'எரிமலை' தன் மூன்றாம் பாட்டைப் பதிவுசெய்ய, மறுபடியும் அம்மாவின் துணி அலமாரிக்குள் புகுந்தான்.

"எவனுக்கும் அஞ்சேன்" என்று எதிரொலி வராத அந்த அலமாரிக்குள் அவன் கர்ஜித்த முதல் பாட்டு, தரவரிசையில் முதலிடம் பிடித்திருந்தது. காரணம், நடுவே பதிவாகிவிட்ட அம்மாவின் குரல்: "டேய் எருமை, இஸ்திரி போட்ட துணியைக் கசக்காம வெளிய வாடா!" ஊரே அந்த வரியைத்தான் பாடியது. ரோஷம் வந்து ஸ்டுடியோவில் சுத்தமாகப் பதிவுசெய்த இரண்டாம் பாட்டை நாய்கூட மோந்து பார்க்கவில்லை.

ஆகவே இப்போது துணிகளை வேண்டுமென்றே மிதித்தபடி, திட்டுக்காகக் காத்திருந்தான். கதவு மெல்லத் திறந்தது.

"பாடு ராசா. துணி கிடக்குது, துவைச்சுக்கலாம். பெரிய பாடகனோட அம்மா நான், இனிமே வாயே திறக்க மாட்டேன்."

மூன்றாம் பாட்டு தரவரிசையில் ஏறவில்லை.