இரண்டாயிரத்துக்கு மேலே

வீரய்யாவுக்குக் காது மந்தம் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவார். இடி கேட்கிறது, லொறி கேட்கிறது, கங்காணியின் ஏச்சு கேட்கிறது, பிறகென்ன மந்தம்? "பொம்பளைங்கதான் இப்பல்லாம் வாய்க்குள்ளயே பேசுறாளுங்க" என்பார். பெண்டாட்டி கூப்பிட்டால் மட்டும் திரும்பாத காது என்று லயத்து வரிசை வீடுகளில் கேலி செய்வார்கள். அவர் மனைவி சண்முகவடிவும் சேர்ந்து சிரிப்பாள். அத்தனை பேரும் சிரித்துத் தொலைத்ததற்குப் பதிலாக ஒருத்தராவது கவலைப்பட்டிருக்கலாம்.

இலங்கை மலையகத்தில், வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. தொழிற்சாலையில் கொழுந்தை உருட்டி நசுக்கும் ரோலர் மெசின்களுக்கு நடுவில் பாதி ஆயுளைக் கழித்தவர் வீரய்யா. காதில் வைக்க ஒரு துண்டுப் பஞ்சுகூட யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை. தொழிற்சாலையை மூடியதும், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டச் சொல்லி, கையில் கத்தியைக் கொடுத்து மலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

மகள் லோஜினி உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பிடித்து உட்கார வைத்து, போனில் ஒவ்வொரு ஓசையாகப் போட்டுக் காட்டினாள். செக்கனுக்கு இருநூறு அதிர்வு, கேட்டது. ஐந்நூறும் கேட்டது. ஆயிரத்தில் தலையைச் சாய்த்தார். இரண்டாயிரத்துக்கு மேலே போனதும் முகத்தில் ஒன்றுமே இல்லை. சத்தத்தை முழுசாகக் கூட்டினாள். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது. அடுத்த வீட்டிலிருந்து அவருடைய அக்கா மீனம்மா, "அந்தக் கருமத்த நிப்பாட்டு புள்ள, காது கிழியுது!" என்று கத்தினாள்.

வீரய்யா பொறுமையாகக் கேட்டார். "போட்டுட்டியா?"

லோஜினி ஓசையை நிறுத்தினாள். அவர் தன் வாயைப் பார்க்கும்படி முன்னால் உட்கார்ந்து சொன்னாள். "காத்து ஆடுறதுதாம்ப்பா சத்தம். பெருசா ஆடினா சத்தம் கூடும். வேகமா ஆடினா கீச்சுன்னு இருக்கும். ரெண்டும் வேற வேற. ஒங்க காதுல, வேகமா ஆடுறதப் புடிக்கிற எடம் செத்துப்போச்சு. அங்க எவ்வளவு சத்தமா போட்டாலும் விழாது."

"வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத" என்றார் அவர். "தோட்டத்துத் தொரைக்குத் தெரிஞ்சா வேலையிலருந்து பேர வெட்டிருவாங்க."

அந்த மாதம் மேல்மலையில் குளவி கொட்டி ஒரு பெண் செத்துப்போனாள். அதன் பிறகு கொழுந்து பறிக்கும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தோட்டத்தில் ஒரு விசில் கொடுத்தார்கள். குளவி கலைந்தால் யாரும் கத்தக் கூடாது, ஓடக் கூடாது. விசில்காரி ஒரு தடவை ஊதிவிட்டு, மற்றவர்களைப் போலவே சாக்கைப் போர்த்திக்கொண்டு, மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குள் குப்புறப் படுத்துவிட வேண்டும். சண்முகவடிவின் கூட்டத்தில் விசில் அவளிடம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் புருஷன் முன்னால் நின்று கன்னம் உப்ப ஊதினாள். "கேட்டுச்சா?"

"ஏன் கேக்காம?"

"அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கப்பா. அம்மா இன்னொருக்கா ஊதட்டும்" என்றாள் லோஜினி.

"அப்பனுக்கே பரீட்ச வைக்கிறியா?" என்று எகிறிவிட்டு வெளியே போய்விட்டார். வீம்புக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

"விடும்மா, நான் பலமா ஊதிக்கிறேன்" என்றாள் சண்முகவடிவு.

"பலமா ஊதினா சத்தந்தாம்மா கூடும். அதே கீச்சுதான் வரும்."

"போடி, இடி கேக்குற மனுசனுக்கு விசிலு கேக்காதா?"

பலம் கூடினால் எதுவும் எட்டிவிடும் என்று நினைப்பவள் அவள். பாவம், வாழ்க்கை முழுக்க அப்படித்தான் பாடுபட்டிருக்கிறாள்.

குளவி கலைந்த அன்று வீரய்யா கீழ்மலையில் கவ்வாத்து முடித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்க மேலே ஏறிக்கொண்டிருந்தார். சண்முகவடிவு விசிலை ஊதினாள். பெண்கள் எல்லாரும் கானுக்குள் விழுந்தார்கள். அவளும் படுத்தாள். படுத்தவள் சாக்கை விலக்கிக் கீழே பார்த்தாள். அந்த மனிதர் தலையை ஆட்டிக்கொண்டு ஏறி வருகிறார்.

"படுங்கக்கா!" என்று பக்கத்தில் கிடந்த ஜீவராணி அவள் காலைப் பிடித்து இழுத்தாள்.

"அவரு வாறாருடி" என்று சொல்லி உதறிவிட்டு எழுந்து நின்றாள். மூச்சு இருந்த மட்டும் ஊதினாள். உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, படு படு என்று திரும்பத் திரும்ப அமர்த்திக் காட்டினாள்.

நம் ஊரில் உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினால் வா என்று அர்த்தம். அவ்வளவு தூரத்தில் அவருக்கு அது அப்படித்தான் தெரிந்தது. தேத்தண்ணிக்குக் கூப்பிடுகிறாள் என்று அவரும் கையை ஆட்டிவிட்டு நடையை எட்டிப் போட்டார். அவர் நடையைக் கூட்டக் கூட்ட அவளும் இன்னும் பலமாக ஊதினாள். குளவிக் கூட்டம் நின்றுகொண்டிருந்தவள் மேல் இறங்கிற்று. பிறகு ஓடி வந்தவர் மேலும் இறங்கிற்று.

சண்முகவடிவு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்தாள்.

வீரய்யாவை மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். இமைகள் வீங்கிக் கண் திறக்க முடியவில்லை. பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான். "வா வான்னு கூப்புட்டா. அதான் போனேன்."

கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். மீனம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். "புருஷன குளவிக்குள்ள கூப்புடுவாளா ஒருத்தி? விசிலயும் கையில வச்சுக்கிட்டு, என்ன புத்தி அது! தானும் போயி, என் தம்பியவும் சாகக் குடுக்கப் பாத்தாளே!" மற்ற பெண்களும் தலையாட்டினார்கள். சாக்குக்குள் கிடந்தவர்களுக்கு என்ன தெரியும்? பார்த்தவள் ஜீவராணி ஒருத்திதான். அவளும் கொட்டு வாங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நடந்ததையெல்லாம் லோஜினியிடம் அவள் அங்கே சொல்லி அழுதிருந்தாள்.

லோஜினிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செத்தும் அம்மாவுக்கு இந்தப் பேரா?

"அம்மா ஒங்களக் கூப்புடலப்பா" என்றாள். அவர் திரும்பவில்லை. உரக்கச் சொன்னாள். வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அவர் திரும்பவில்லை. அவள் வாயைப் பார்க்க அவருக்குக் கண்ணும் இல்லை. இப்படியே விட்டுவிட்டால், மனைவி கூப்பிட்டாள் என்ற நினைப்போடு மிச்சக் காலத்தை அவர் ஓட்டிவிடுவார். அப்பாவுக்கு அது பரவாயில்லாத பொய்தான். ஆனால் அம்மா நாளைக்கு மண்ணுக்குள் போகிறாள். அவளுக்காகப் பேச வேறு யார் இருக்கிறார்கள்?

அவருடைய காதோரம் குனிந்து, தொண்டையை இறக்கி, ஆம்பிளைக் குரல்போல அடிவயிற்றிலிருந்து பேசினாள்.

"அம்மா வராதீங்கன்னுதாம்ப்பா கை காட்டினாங்க. படுங்கன்னு காட்டினாங்க. நீங்க வந்துக்கிட்டே இருந்ததுனாலதான் எந்திரிச்சு நின்னு ஊதினாங்க."

மீனம்மா எழுந்து வந்து பிணத்தின் காலடியில் உட்கார்ந்தாள். வீரய்யாவின் கை மகளின் தோளைத் தடவிப் பிடித்தது.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

அதே குரலில் சொன்னாள். இரண்டாம் தடவையும் அவருக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.