மூவேழு இருபத்தொன்று, தப்பு

1

"கம்ப்யூட்டர் ரூம் சாவியக் குடுங்க சார்."

இதை மட்டும் கேட்கவே கூடாதென்று, நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் எனக்கும் சொல்லியிருந்தார்கள். நான் கேட்கவில்லை, வேலை போய்விடுமென்று பயந்தேன். அந்த வயிற்றெரிச்சலில் பிறந்த கதை இது. எனக்குப் பதிலாகப் பாக்கியவதியைக் கேட்க வைத்திருக்கிறேன். (கோழைத்தனம்தான். இருக்கட்டும்.)

2

1986, புனே. மழை ஓய்ந்த காலையில் கட்கி ஸ்டேஷன் பக்கம் மெல்லிய... வேண்டாம். மழைக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை.

பாக்கியவதி, வெடிமருந்து ஃபேக்டரித் தொழிலாளி லூர்துசாமியின் மகள். வீட்டில் முதல் பட்டதாரி. பள்ளியில் புது டீச்சர். வேலை நிரந்தரமாக, ஹெட்மாஸ்டர் வால்டர் சாரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அரசாங்கம் கொடுத்த கம்ப்யூட்டர் பூப்போட்ட துணி போர்த்திக்கொண்டு பூட்டிய அறையில் இருந்தது. கதவில் 'ஹாத் லாவூ நகா', அதாவது கை வைக்காதே. செருப்பைக் கழற்றிவிட்டு ஜன்னல் வழியாகத் தரிசனம் செய்யலாம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அட்டையில் கீபோர்டு வரைந்து, அதில் விரல் ஓட்டிப் பழகினார்கள்.

உள்ளே ஒரு கணக்குப் பாடம் இருந்தது. அது கேள்வி கேட்கும், பிள்ளை விடையைத் தட்ட வேண்டும். சரியென்றால் பாட்டு, தப்பென்றால் 'மறுபடி முயற்சி செய்'.

"தப்பாத் தட்டினா அடிக்குமா மிஸ்?" என்றாள் மும்தாஜ். (இந்தியில் கேட்டாள். தமிழ் என்னுடையது.)

"அடிக்காது."

"அப்ப அது டீச்சரே இல்ல மிஸ்."

3

வால்டர் சாரை வில்லனாக்கத்தான் நினைத்தேன். மீசைகூட வைத்தேன். வாயைத் திறந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார்.

"அந்த மிஷினே சரியில்லம்மா. இருபது வருஷமாக் கணக்கு நடத்துறேன். மூவேழு எத்தனன்னு கேட்டுது. இருபத்தொண்ணு அடிச்சேன். தப்புங்குது! மூணு தடவை! அதுவும் பியூன் முன்னாடி!"

மேஜையில் அவருடைய பழைய டைப்ரைட்டர். அதில் ஒன்று என்ற எண்ணுக்குத் தனி கீ கிடையாது. பார்க்க ஒன்று போலவே இருக்கும் சின்ன 'எல்' எழுத்தைத்தான் தட்டுவார்கள். பாக்கியவதிக்குப் புரிந்துவிட்டது.

(வாயை மூடிக்கோடி என்று கெஞ்சினேன். கையெழுத்தாகாத காகிதம் அவர் முழங்கைக்கு அடியில் இருந்தது.)

"ஒண்ணுக்கு 'எல்' அடிச்சீங்களா சார்?"

வால்டர் சார் டைப்ரைட்டரைப் பார்த்தார்.

"மிஷின் சரியாத்தான் இருக்கு. நீங்கதான் தப்பா அடிச்சீங்க. பிள்ளைங்களும் தப்பா அடிக்கட்டும் சார். அப்பத்தான் வரும்."

சாவியை எடுத்துக் காகிதத்தின் பக்கத்தில் வைத்தார். "எடுத்துக்கோ. ஆனா சாவிய எடுத்தா கையெழுத்த மறந்துடு."

4

முடிவு ஒன்று: வால்டர் சார் சிரித்துக்கொண்டே... இல்லை, சிரிக்கிற ஆள் இல்லை அவர்.

முடிவு இரண்டு: அப்பாவின் முகத்தை நினைத்து, அவள் காகிதத்தை...

"எங்கப்பாவ இதுல இழுக்காதீங்க" என்று என்னிடமே எரிந்து விழுந்தாள் பாக்கியவதி. திரும்பிப் பார்த்தால் மேஜையில் காகிதம் மட்டும் கிடக்கிறது.

அதில் கையெழுத்து விழுமா என்று நானும் வால்டர் சாரும் அதையே முறைத்துக்கொண்டிருக்கிறோம். வாசகரே, நீங்களும் வேண்டுமானால் உட்கார்ந்து பாருங்கள். அவள் போய்விட்டாள். வராந்தாக் கோடியில் பூட்டு திறக்கும் சத்தம் கேட்கிறது. செருப்பைக் கழற்றும் சத்தம் மட்டும் கேட்கவில்லை.