பெயின்ட் மேல் ஒரு சத்தியம்

டுக்டுக் ஆட்டோ ஒன்று காரின் இடது பின்கதவை ஒரு சாண் நீளத்துக்குக் கீறிவிட்டுப் போய் மூன்று நாள் ஆகிறது. மூன்று நாளாக இன்ஷிராஹுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கீறல் கிடக்கட்டும், அதற்கு யார் கவலைப்பட்டார்கள்? இன்ஷூரன்ஸில் கிளெய்ம் போடலாமா வேண்டாமா என்று அவள் கணவர் பஹ்கத் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். அதுதான் காரணம்.

மின்சார இலாகாவில் முப்பது வருடம் ஃபைல் தள்ளி ஓய்வுபெற்றவர் யோசித்தால் லேசில் முடியுமா? காலையில் ஒரு முடிவு, மதியம் வேறொன்று.

"பதினோரு வருஷமா பிரீமியம் கட்டறேன், ஹாஸிம் அம்மா. ஒரு தடவையாவது அவனுங்க வாசப்படி ஏறியிருப்பேனா? இப்ப வாங்காம, செத்தப்புறம் கஃபன் துணியில முடிஞ்சு விடுவானுங்களா?"

அவித்த மொச்சையை ரொட்டியில் சுருட்டி வாயில் போட்டதும் பேச்சு மாறும்.

"ஆனா கிளெய்ம் போட்டா புதுசா பெயின்ட் அடிச்சிருவானே! அப்புறம் இது ஃபாப்ரிகாவா?"

ஃபாப்ரிகா! கெய்ரோவில் கார் வைத்திருப்பவனுக்கு இதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் அப்படியே இருக்கிறது, பிறகு ஒருவன் கையும் படவில்லை என்று அர்த்தம். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவன்கூட இவ்வளவு துருவ மாட்டான். கார் வாங்க வருகிறவன் கதவு கதவாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்பான். பஹ்கத்தின் கார் உள்ளும் புறமும் ஃபாப்ரிகா என்பது ஷுப்ரா பேட்டையில் அந்தத் தெரு முழுக்கத் தெரிந்த சேதி.

பாவம் மனுஷர். அந்த ஃபாப்ரிகா போய் நாலு வருஷம் ஆகிவிட்டது.

பித்தப்பைக் கல்லுக்காக ஆஸ்பத்திரியில் படுக்கப் போனபோது, எதற்கும் இருக்கட்டும் என்று மனைவி பேரில் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இன்ஷிராஹ் அவருக்குச் சூப் எடுத்துக்கொண்டு அவசரமாகக் காரை எடுத்தாள், தெருமுனைத் தூணில் கொண்டுபோய் இடித்தாள். அதே பவர் பத்திரத்தை நீட்டி கிளெய்ம் போட்டாள். மூன்றே நாளில் பெயின்ட் அடித்துக் காரை வாசலில் நிறுத்திவிட்டாள். அவர் வீடு திரும்பியபோது கார் பளபளவென்று நின்றது. அவள் வாயைத் திறக்கவில்லை.

இப்போது இவர் கிளெய்ம் போட்டால் என்ன ஆகும்? கிளார்க் ஃபைலைத் திறப்பான், "ஹாஜி, இது உங்களுக்கு ரெண்டாவது கிளெய்ம்" என்பான். முடிந்தது கதை.

"வேண்டாங்க, போடாதீங்க. ஃபாப்ரிகா போனா திரும்ப வருமா?" என்றாள்.

பஹ்கத் உருகிப்போனார். "இதுக்குத்தான் பொண்டாட்டின்னு ஒருத்தி வேணுங்கறது!" என்று சொல்லிவிட்டு, அதே சந்தோஷத்தில் கீழே காபிக்கடைக்குப் போனார். சந்தோஷம் எங்கே கொண்டுபோய்விட்டது பாருங்கள்.

இன்ஷிராஹ் பால்கனியில் துணி காயப்போட்டுக் கொண்டிருந்தாள். கீழே மருந்துக்கடை வக்தியின் குரல் கேட்டது.

"இந்த ஊர்ல ஃபாப்ரிகாவா? போங்க பாஷா, என் தலை முடிகூட ஃபாப்ரிகா இல்லை!"

காபிக்கடை முழுக்கச் சிரித்தது. பஹ்கத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஊர் ஆண்களுக்கு ரோஷம் வந்தால் நாக்கில் ஒரே ஒரு சத்தியம்தானே வரும், படுபாவிகள்!

"என் பொண்டாட்டி மேல தலாக்! மூணு தலாக்! இந்த வண்டியில எவனாவது பெயின்ட் அடிச்சிருந்தா!"

ஈரச் சட்டை அவள் கையிலிருந்து நழுவித் தெருவில் விழுந்தது. முப்பத்தொரு வருடக் குடித்தனம் ஒரு கோட்டிங் பெயின்டில் தொங்குகிறதே, யா ரப், ஆண்டவனே!

முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நேரே பள்ளிவாசலுக்கு ஓடினாள். ஷேக் பொறுமையாகக் கேட்டார்.

"அது நிஜம்னு நம்பித்தானே அவர் சத்தியம் பண்ணினாரு?"

"நம்பித்தான், யா ஷேக். அவருக்கு ஒண்ணுமே தெரியாது."

"அப்ப தலாக் இல்லை, போய்ச் சோறாக்கும்மா. தெரிஞ்சே பொய்ச் சத்தியம் பண்ணியிருந்தாத்தான் தலாக் விழும். வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிடு, மனுஷன் இன்னொரு தடவை சத்தியம் பண்ணிடப் போறாரு."

போன உயிர் திரும்பி வந்தது. வீட்டில் பஹ்கத் ஆரஞ்சு உரித்துக் கொண்டிருந்தார். அவள் எதிரே உட்கார்ந்து ஒரே மூச்சில் சொன்னாள்.

"திட்டறதா இருந்தா அப்புறம் திட்டுங்க. நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப நான் வண்டியை இடிச்சுட்டேன். உங்களுக்குத் தெரியாம கிளெய்ம் போட்டு பெயின்ட் அடிச்சேன்."

பஹ்கத் கோபப்படவில்லை. சிரித்தார்.

"இதுக்கா மூணு நாளா பட்டினி கிடந்தே, பைத்தியக்காரி? வலது முன்கதவுதானே? வீட்டுக்கு வந்த மறுநாளே தெரியும் எனக்கு. தினம் தடவித் தடவித் துடைக்கிற வண்டியாச்சே! நீ பயந்து போயிருந்தே, கேட்டு என்னத்துக்கு வதைக்கணும்னு விட்டுட்டேன். இப்ப கிளெய்ம் போடாம இழுத்ததும் அதுக்குத்தான். ஃபைலைத் தொறந்தா உன் குட்டு உடைஞ்சிருமே?"

இந்த முப்பத்தொரு வருடத்தில் அவர் அவள்மேல் காட்டிய அன்பிலேயே பெரிய அன்பு இதுதான். இதே அன்பால்தான் இப்போது தலாக்கும் விழுந்து கிடக்கிறது.

"தெரிஞ்சுமா சத்தியம் பண்ணினீங்க?" என்று அலறினாள். ஷேக் சொன்னதைச் சொன்னாள்.

ஆரஞ்சுச் சுளை வாய்வரை போய் நின்றது. "அந்த வக்தி சிரிச்சான்... வாயில வந்துடுச்சு" என்றார். முகம் வெளுத்துவிட்டது. சுளையைத் தட்டில் வைத்தார்.

"இன்னொரு தடவை சொல்லு. தெரிஞ்சே பண்ணியிருந்தாத்தான்?"

"ஆமா."

"கிளெய்ம் பாரத்தை எடுத்துட்டு வா. நாளைக்கு வக்தியையும் இழுத்துட்டுப் போறேன். அவன் முன்னாடியே கிளார்க் ஃபைலைத் தொறக்கட்டும். நான் அப்பத்தான் தெரிஞ்சுக்கற மாதிரி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நாற்காலியில விழறேன்."

"தெருவுக்கு அது போதும். மேல இருக்கறவனுக்கு?"

"அவன்கிட்ட நான் தனியாப் பேசிக்கறேன்" என்றார். "உன்னை விட்டுட்டு உண்மையை வச்சுக்கிட்டு நான் என்னடி பண்ணப் போறேன்?"

அவள் அழுதபடியே பாரத்தை எடுத்துவந்தாள். அவர் பெயர், வண்டி நம்பர், கீறலின் நீளம் எல்லாம் மளமளவென்று எழுதினார். கடைசிக் கேள்வியில் பேனா நின்றது: இந்த வாகனத்துக்கு இதற்குமுன் கிளெய்ம் பெற்றதுண்டா?

பஹ்கத் மனைவியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, கொட்டை எழுத்தில், "எனக்குத் தெரிந்து இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.